மாமாவின் காதுக்கு வைத்த பரீட்சை

எங்கள் மாமாவைக் கூப்பிட வேண்டுமென்றால் பலகையை மிதிக்க வேண்டும். வாயால் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. ரப்பர் தோட்டத்தில் அந்தக் காலத்து லயம் தரையிலிருந்து உயர்த்தி வரிசையாகக் கட்டிய மர வீடு. அடியில் கோழி மேயும், மேலே பலகைத் தரையில் நாங்கள் இருப்போம். ஒரு மூலையில் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்தால் மறு மூலையில் உட்கார்ந்திருக்கும் மாமா திரும்பிப் பார்ப்பார். அம்மாவின் மிதி, அப்பாவின் மிதி, என் மிதி என்று மூன்றும் அவருக்குத் தனித்தனியாகத் தெரியும். நான் மிதித்தால் திரும்புவதற்கு முன்பே சிரித்துவிடுவார். "என்னாடி குட்டி" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். தான் பேசுவது தனக்கே கேட்காதவர் குரலை எந்த அளவில் வைத்துக்கொள்வார், பாவம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவசர காலத்தில் தோட்டத்துக் காவலுக்கு ஆள் எடுத்தபோது எஸ்.சி. ஆகச் சேர்ந்தவர். எஸ்.சி. என்றால் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காக்கி உடுப்பு, தோளில் ஒரு துப்பாக்கி, துரை பங்களாவுக்கும் ரப்பர் பால் ஸ்டோருக்கும் இரவு பகலாகக் காவல். கோலசிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்குக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் அப்போது லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். சர்க்காரை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் ஒருநாள் விடிகாலையில் ஸ்டோர் வாசலில் மணல்மூட்டை அடுக்கியிருந்த காவல் இடத்தின்மேல் குண்டு வீசினார்கள். மாமாவோடு நின்ற மலாய்க்காரருக்கு ஒரு கால் போனது. மாமாவுக்கு இரண்டு காதும் போயின.

போயின என்று நாங்கள்தான் சொன்னோம், சர்க்கார் சொல்லவில்லை. கால் போனால் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மலாய்க்காரருக்கு மாதாமாதம் பென்சன் வந்தது. நல்லது, வரட்டும். மாமாவின் காதுகளோ வாளிக் காது மாதிரி இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. உடுப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சீழ் வடியும் காதோடு அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குண்டால்தான் காது போனது என்று சர்க்கார் டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டால் பென்சனும் உண்டு, கோலாலம்பூரில் பெரிய டாக்டரிடம் காதுக்கு வைத்தியமும் உண்டு. அந்த ஒரு சொல்லுக்காக அம்மா அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் தோட்டத்து ஆபீசுக்குப் போ என்றார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, "அவரு கவர்மெண்டு ஆளும்மா, நாங்க என்னா செய்யறது" என்று கையை விரித்தார். திரும்ப ஸ்டேஷனுக்குப் போனால், குண்டு விழுந்த அன்றைக்குப் பொறுப்பில் இருந்த வெள்ளைக்கார ஆபீசர் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் லீவில் சீமைக்குப் போயிருந்தார். சீமையிலிருந்து வந்ததும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பால்மரம் வெட்டப் போகாமல் அம்மா இப்படி அலைகிற ஒவ்வொரு நாளும் அந்த நாள் சம்பளம் போகும். போதாக்குறைக்கு, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டு போகக்கூடாது என்று சட்டம். காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆகவே பசியோடு போவோம், பசியோடு வருவோம்.

"எல்லாம் செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று அப்பா ஒருநாள் ஆபீஸ்காரர்களைத் திட்டினார். பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். அம்மா முறைத்த முறைப்பில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். என்ன நடந்தது என்று தெரியாத மாமா எல்லாருக்கும் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தார்.

இதற்கிடையில் ஒரு மாலை, ஊரடங்கு நேரம் நெருங்கும்போது மாமா வேலி ஓரமாக நடந்துகொண்டிருந்தார். புதிதாக வந்திருந்த எஸ்.சி. பையன் ஒருவன் நிற்கச் சொல்லிக் கத்தியிருக்கிறான். மாமா நடந்தார். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு மறுபடியும் கத்தியிருக்கிறான். மாமா நடந்துகொண்டேயிருந்தார். அது மண் தரை, பலகையா என்ன, அதிர்வதற்கு? மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் ஓடிவந்து அவன் துப்பாக்கியைத் தட்டிவிட்டார். மாமாவைக் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்.

"அக்கா, இவர தனியா விடாதீங்கலா. புதுப் பையனுங்களுக்குத் தெரியாது" என்றார்.

"துப்பாக்கிக்கே திரும்பாதவன் என் தம்பி. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும் இவனுங்களுக்கு" என்று அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

ஒருவழியாக டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்தார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லி இனி யாருக்கு என்ன லாபம். பழைய மரக் கட்டடம், பலகைத் தரை. எனக்கு ஏழு வயதிருக்கும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மா என்னையும் கூட்டிப் போனாள். வெள்ளைக்கார டாக்டர் மாமாவை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, பின்னால் போய் நின்றார். கை தட்டினார். விசிலடித்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமா எதிர்ச்சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. தம்பிக்குக் காது கேட்கவில்லை என்று ஓர் அக்கா பூரித்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் அந்த மனிதர் மேசையிலிருந்த இரும்புத் தட்டை எடுத்துத் தரையில் போட்டார். பலகை அதிர்ந்தது. மாமா திரும்பினார். திரும்பியதோடு நின்றாரா என்றால் இல்லை. எழுந்து போய்க் குனிந்து தட்டை எடுத்து, டாக்டர் கையில் பவ்யமாகக் கொடுத்து, ஒரு சலாமும் வைத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மொழிபெயர்த்துச் சொல்ல நம் ஆள் ஒருவர், மருந்து கட்டும் டிரெஸ்ஸர், பக்கத்தில் நின்றிருந்தார்.

"காது நல்லாத்தான் இருக்குதாம்மா. ஒங்க தம்பி நடிக்கிறாராம்."

"சத்தத்துக்குத் திரும்பலீங்க, பலகை ஆடுச்சு, அதுக்குத் திரும்புனான். வீட்டுலயும் பலகைய மிதிச்சுத்தாங்க கூப்புடுவோம். இத தொரைகிட்ட சொல்லுங்க."

"ஒங்க லயத்துக் கதையெல்லாம் தொரைக்கு நான் எப்படிம்மா சொல்றது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று அம்மா பொருமினாள். ஆனால் அந்த டிரெஸ்ஸரை முழுக்கக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. வாசல்வரை எங்கள் பின்னால் வந்தார். "இன்னொரு தடவ பாக்கச் சொல்லிக் கேட்டுக்கலாம். ஆனா அப்பவும் தட்டு விழும். திரும்பக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வைங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"காது கேக்காதவனுக்குக் காது கேக்காத மாதிரி இருக்கக் கத்துக் கொடுக்கணுமா? நல்ல கூத்தா இருக்கே" என்றார் அப்பா. கூத்துதான். அடுத்த முறை கூப்பிடும்வரை அந்தக் கூத்து எங்கள் வீட்டில் தினமும் நடந்தது. அம்மா தரையைக் காட்டி, தலையை ஆட்டி, மாமாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்து, எப்படியோ விஷயத்தைப் புரியவைத்தாள். பின்னால் நின்று மிதிக்கிற வேலை எனக்கு. திரும்பினால் முட்டியில் ஒரு தட்டு வைக்க அம்மா அகப்பையோடு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

எனக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் பிரம்படி வாங்குகிறவளுக்கு வீட்டில் ஒரு மாணவன் கிடைத்துவிட்டார். குதித்தேன், வாளியைப் போட்டேன், அம்மிக் குழவியை உருட்டினேன். ஆரம்பத்தில் மாமா எல்லாவற்றுக்கும் திரும்பினார். என் மிதிக்குத் திரும்பாமல் இருக்க அவரால் முடியவே இல்லை. திரும்பாவிட்டாலும் தோள் குலுங்கச் சிரித்துவிடுவார். முட்டியில் அகப்பை விழும். போகப் போகச் சிரிப்பு நின்றது. பிறகு தோளும் அசையாமல் நின்றது. குழவியே உருண்டாலும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

எப்படி என்று கையை விரித்துக் கேட்டேன். "காலு என்னுது இல்லன்னு நெனச்சுக்குவேன்" என்று கத்தினார். அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாம் முறை போனபோது அதே அறை, அதே டிரெஸ்ஸர், டாக்டர் மட்டும் வேறு. இவர் கை தட்டவில்லை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஒரு கடிகாரத்தை இரண்டு காதிலும் வைத்து வைத்து எடுத்தார், மூக்கைச் சுளித்தார், கை கழுவப் போய்விட்டார். இரும்புத் தட்டு மேசையிலேயே இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கேள்வியே கேட்காமல் போனால் எப்படி? இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். டாக்டர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். டிரெஸ்ஸர் திரும்பினார். மாமா திரும்பவில்லை. அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"காது கேக்கலன்னு தொரை ஒத்துக்கிறாரும்மா" என்றார் டிரெஸ்ஸர்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆனா சீழ் வருது பாருங்க. சின்ன வயசுலேயே வந்த சீக்கா இருக்கலாமாம். குண்டால போச்சுன்னு சொல்ல முடியாதாம்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. "வேலைக்கு எடுக்கறப்ப டாக்டர் பாத்துத்தானுங்க எடுத்தாங்க? செவிடன் கையிலயா துப்பாக்கிய கொடுத்தீங்க? போன தடவ காது நல்லா இருக்குதுன்னு அந்தத் தொரை சொன்னாரே. அன்னிக்கு நல்லா இருந்த காது எப்படிங்க சின்ன வயசுலேயே போச்சு?"

இந்த முறை டிரெஸ்ஸர் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தார். டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அந்த டாக்டர் சொன்னதுக்கு இவரு பொறுப்பில்லையாம்மா."

அவ்வளவுதான், முடிந்தது. பென்சனும் இல்லை, கோலாலம்பூர் வைத்தியமும் இல்லை. நடிக்கிறார் என்று ஒருவன் துரத்தினான், நடிக்கவில்லை ஆனாலும் இல்லை என்று இன்னொருவன் துரத்தினான். இவன்களுக்குக் காவல் நின்றுதானே அந்தக் காது போனது? பஸ்ஸில் வழி முழுக்க அம்மா யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள். மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன ஆனது என்று அவர் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா வழக்கமான மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அம்மா சோறு வடித்துவிட்டு, "மாமாவ சாப்பிடக் கூப்புடு" என்றாள். மிதித்தேன். மாமா திரும்பவில்லை. இன்னொரு முறை மிதித்தேன். தோள்கூட அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, மாமா ஒண்ணுமே மறக்கல. இன்னும் திரும்பாம இருக்காரு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாமாவின் பின்னால் நின்று மிதித்தாள். அடியில் படுத்திருந்த கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. மாமா சுவரைப் பார்த்தபடி இருந்தார். அம்மா மறுபடியும் மிதித்தாள், பிறகு இரண்டு காலாலும் மிதித்தாள். கால்களைத் தன்னுடையவை இல்லை என்று நினைக்கப் பழகியவருக்கு அவை திரும்பக் கிடைக்கவில்லையா, இல்லை இனி எதற்குத் திரும்ப வேண்டும் என்று விட்டுவிட்டாரா, எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் முழுக்க, முன்னால் போய் நின்றுதான் அவரைக் கூப்பிட்டோம்.

அம்மா அப்படியே பலகையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. இத்தனை நாள் பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது, மாமா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படித் தப்பில்லாமல் செய்தால் வாத்தியார் எல்லாரையும் கை தட்டச் சொல்வார். அம்மா தட்டுவதாக இல்லை. மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, நான் மட்டும் பலமாகக் கை தட்டினேன்.