யானையை வெட்டுக்கொடுக்காத புரோகிராம்

என் கணவருக்குத் தொழில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். விரல் இடுக்கில் போகாத கரி, தோளில் பை, முகத்தில் எப்போதும் பாதித் தூக்கம். ஆனால் சொந்தத்தில் எல்லோரும் அவரை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். செஸ் புரோகிராம்களுக்குப் பரீட்சை வைக்கிறவர் அவர். சிக்கலான ஆட்ட நிலைகளாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம். புரோகிராம் சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்தால் மார்க், இல்லாவிட்டால் முட்டை. பெற்ற பிள்ளைகளைக்கூட மனுஷன் இப்படி உட்கார்ந்து படிக்க வைத்ததில்லை.

கேட்டுக் கேட்டு அதுகளின் குணம் எனக்கும் அத்துப்படி. 'ஓட்டக்காரன்' என்று அவர் பேர் வைத்திருப்பது கண்மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கில் நகர்த்தல்களைப் பார்த்துவிடும். அந்த வேகத்துக்காக, உருப்படாது என்று தோன்றுவதைப் பாதியிலேயே கழித்துக் கட்டும். அதில் சில சமயம் நல்லதும் சேர்ந்து போய்விடும். 'அமுக்கன்' கொஞ்சம்தான் பார்ப்பான், ஆட்டத்தின் போக்கை வைத்தே முடிவெடுப்பான். நிதானமான ஆட்டத்தில் கெட்டிக்காரன். தப்பிக்க ஒரே ஒரு வழிதான் என்கிற இக்கட்டில் வழுக்கி விழுவான். மூன்றாவது, என் தம்பி எழுதியது. பகல் முழுக்க ஒரு கம்பெனியில் போனை எடுத்து, கடைக்காரர்களின் பில்லிங் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறவன் அவன். மிச்சமிருந்த உயிரில் இதை எழுதினான்.

பரீட்சையின் கடைசிக் கேள்வி என் கணவரே அமைத்தது. யானையை வெட்டுக்கொடுத்து ராஜாவை வளைக்க வேண்டும். எந்தப் புரோகிராமும் அதைச் செய்ததில்லை. அதில் இவருக்கு ஒரு தலைக்கனம். தம்பியோ விடாக்கண்டன். அந்த ஒரு மார்க்குக்காக வருஷக்கணக்கில் புரோகிராமைக் குடைந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "அந்த யானையைக் கொடுக்க வச்சிட்டு வர்றேன்க்கா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றான்.

"கொடுத்திடுச்சு மாமா! யானையைக் கொடுத்திடுச்சு!"

எதிராளியின் ராஜாவைச் சுற்றித் தாக்குதல் இருந்தால் அந்த நகர்த்தலுக்கு மதிப்பைக் கூட்டிப் போடும்படி மாற்றி எழுதியிருக்கிறான். அடுத்த வாரம் புரோகிராம்களுக்கு ஒரு போட்டி. அதில் நன்றாக ஆடினால் ஒரு செஸ் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளுமாம், இந்தப் போன் வேலையைத் தலைமுழுகிவிடலாமாம். சொல்லும்போதே கொட்டாவி. சோபாவில் சாய்ந்தவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

சந்தோஷத்தில் என் கணவர் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். வழக்கமாக முதல் நகர்த்தலோடு மார்க் போட்டு மூடிவிடுவார். அன்று தம்பியின் புரோகிராமையும் ஓட்டக்காரனையும் எதிரெதிரே நிறுத்தி, அந்த நிலையிலிருந்து கடைசிவரை ஆடவிட்டார். யானையை வெட்டிய ஓட்டக்காரன், சத்தமில்லாமல் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி வைத்தது. அவ்வளவுதான், தாக்குதல் புஸ்ஸென்று போனது. தம்பியின் புரோகிராம் தோற்றது. அமுக்கனோடு மோதவிட்டார். அதே கதி.

"என்னங்க, முகம் செத்துப்போச்சு?" என்றேன்.

"என் விடையே தப்புடி. யானையைக் கொடுக்காததுதான் சரி. இத்தனை வருஷமும் சரியா ஆடினதுக்கெல்லாம் முட்டை போட்டிருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம். "உங்க ஒரு கேள்விக்காக அவன் உயிரை விட்டிருக்கான். இப்பப் போய்ச் சொல்லித் தொலைக்காதீங்க. சந்தோஷமா போட்டிக்குப் போகட்டும்."

"போனா எல்லா ஆட்டத்திலயும் இப்படித்தான் காய்களை அள்ளிக் கொடுத்திட்டுத் தோக்கும். அப்புறம் வேலை எங்க கிடைக்கும்?"

நான் தம்பிக்குக் காபி போடப் போனேன்.

தம்பி எழுந்ததும் இவர் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் ஆடிக் காட்டினார். "மன்னிச்சிடு மாப்ளே" என்றார். கத்துவான் என்று நினைத்தேன். அவன் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"மாத்துறதுக்கு முன்னாடி இருந்த புரோகிராம் இருக்கில்ல? அதையே போட்டிக்கு அனுப்பிடு" என்றார் இவர்.

"இருக்கு மாமா. ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேணாம்னுதான் சொல்லிச்சு. ஏன் வேணாம்னு நகர்த்தல் நகர்த்தலா காட்டவும் செஞ்சுது. நான் ஒரு நாள்கூட அதைப் பார்க்கல. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..." முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். "நான் பெத்ததை நானே நம்பலக்கா."