முக்காலி எறிந்த துண்டு

முக்காலி தியேட்டரில் துண்டை எறிந்து திரையைக் கிழித்துவிட்டார் என்பது செய்தி. காலையில் சின்னக் கிழிசலாகப் புறப்பட்டது, சாயங்காலத்துக்குள் தியேட்டருக்கே பூட்டுப் போட்டுவிட்டது. நேரில் போய்ப் பார்த்தால் திரை முழுசாக இருந்தது. அதில் பற்பசை விளம்பரத்தில் ஒருவர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஆனால் துண்டு பறந்தது நிஜம்.

முக்காலி பகலில் பேங்க் வாசலில் செக்யூரிட்டி, மாலையில் குத்துச்சண்டை மாஸ்டர். ரவுண்டுக்கு ரவுண்டு அடுத்தவன் உட்கார முக்காலி போடுவார். தான் எங்கேயும் சேர்ந்தாற்போல ஐந்து நிமிஷம் உட்காரமாட்டார். சோறுகூட நின்றுகொண்டேதான். அப்படி வந்த பெயர். வாலிபத்தில் இவருடைய மாஸ்டர், 'இன்னும் ஒரு ரவுண்டு தாங்குவான்' என்று விட்டதில் இடக்கண் மங்கிப்போனது. பேங்குக்கு இடப்பக்கமாக வருகிறவர்களுக்கு இன்றைக்கும் சல்யூட் கிடையாது.

அவரிடம் குத்துச்சண்டை பழகுகிற ஒரே உருப்படி மனைவியின் தம்பி. டயர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போட்டி. பஸ்ஸில் துண்டு போட்டால் இடம் கிடைக்கும். ரிங்கில் மாஸ்டர் துண்டு போட்டால் சண்டை முடிந்தது, தோற்றதாகக் கணக்கு. மாமா பயந்துபோய்ப் போட்டுவிடுவாரோ என்பதுதான் அவன் பயம். அதற்கு மருந்தாக ஒரு குத்துச்சண்டைப் படத்துக்கு டிக்கெட் எடுத்து, சலூனில் பாதி ஷேவிங்கில் இருந்தவரை இழுத்துப் போனான். சலூன்காரரின் நீலத் துண்டும் கழுத்தோடு போனது.

படத்தில் பையனுக்கு முகமெல்லாம் ரத்தம். "போடாதீங்க" என்று கெஞ்சுகிறான். மாஸ்டரும் கையிலிருந்த துண்டைத் தன் தோளில் போட்டுக்கொள்கிறார். வயலின் ஆரம்பித்தது, சினிமாவில் வயலின் வந்துவிட்டால் ரத்தம் தானே நின்றுவிடும். தியேட்டரே கைதட்டியது. அந்த மாஸ்டர் போடாத துண்டை முக்காலி எழுந்து போட்டார். அது முன்வரிசையில் ஒரு ஜவுளி வியாபாரியின் தலையில் விழுந்தது. வியாபாரி தலையில் துண்டு விழுந்தால் பதறமாட்டாரா? பதறினார். முக்காலி மன்னிப்புக் கேட்டு, துண்டை வாங்கித் தன் தோள்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மாமா, படத்தையே நிறுத்தப் பாத்தீங்களா?"

"அந்தக் கண்ணு வீங்குனப்பவே நிறுத்திருக்கணும் மாப்ளே."

"அவன் ஜெயிச்சான்ல?"

"டைரக்டர் ஜெயிச்சாரு."

"ஞாயித்துக்கிழமை துண்டு போடமாட்டேன்னு சொல்லுங்க."

"டீ குடிக்கலாம் வா."

வீட்டில் மனைவி வேறு. "கப்பு வரலைன்னா போகுது. எங்க தம்பி கொண்டுபோற ரெண்டு கண்ணும் வீடு வந்து சேரணும்."

"நான் என்ன எடுத்து வெச்சுக்கவா போறேன்?" என்றார். அன்றிரவு பாயும் அவருக்கு முள்ளாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ரவுண்டு மச்சினனுக்கே. இரண்டாவதில் இடப் புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்க, அந்தப் பக்கமிருந்து வந்த குத்தையெல்லாம் பார்க்காமலே வாங்கினான். பார்க்காமல் வாங்குவது எப்படி இருக்கும் என்று முக்காலிக்குத் தெரியும். பைக்குள் கையை விட்டார். ரிங்குக்கென்று வைத்திருந்த வெள்ளைத் துண்டு இல்லை. காலையிலேயே பயல் எடுத்து ஒளித்துவிட்டிருக்கிறான். அடியில் துழாவினார். சலூன் துண்டு சிக்கியது.

ஒட்டியிருந்த முடியோடு அது ரிங்குக்குள் விழுந்தது. ரெஃப்ரி அது என்ன ஜந்து என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, சண்டையை நிறுத்தினார்.

"ஜெயிச்சுட்டு இருந்தேன் மாமா" என்றான் மச்சினன். அந்தத் துண்டையே புருவத்தில் அழுத்திக்கொண்டு இறங்கிப் போனான். தையல் போட்ட டாக்டர், கண்ணுக்குப் பழுதில்லை என்றார். அக்காவுக்கு நிம்மதி. முக்காலிக்கு அதுவும் இல்லை, மச்சினனின் பேச்சும் இல்லை.

தையல் பிரித்த அன்று மாலை அவன் தானாகவே வந்து, கையில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு மணல் மூட்டையைக் குத்த ஆரம்பித்தான். முக்காலி மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"துண்டு எங்க மாப்ளே?"

பதில் மூட்டைக்குத்தான் விழுந்தது.

அடுத்த ஷேவிங்குக்குப் போனபோது சலூன்காரர் நுரையைக் குழைத்தபடியே கேட்டார். "என் நீலத் துண்டு என்னாச்சுண்ணே?"

"மச்சினன்கிட்ட இருக்கு."

"எப்பத் தருவான்?"

முக்காலி அதற்குள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அது தெரிஞ்சா நான் நிம்மதியா உக்காந்திருக்க மாட்டேனா?"