மாணிக்கண்ணன் அந்தப் பார்சலை எடுக்கவில்லை

மாணிக்கண்ணன் செத்துப்போனார். போத்தனூரில், நேற்று மத்தியானம், தூக்கத்திலேயே...

தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் ஒரு பார்சல் சர்வீஸில் அவர் டெலிவரி, நான் புக்கிங் கிளார்க். அந்த கம்பெனி இன்று இல்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாராவது கீழே கமெண்டில் வந்து கைகூப்பும் எமோஜி போட்டால் ப்ளாக் செய்வேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் ஆபீஸில் கால் வைக்க இடமிருக்காது. வெள்ளைத் துணியில் தைத்த பொட்டலங்கள் கூரை வரைக்கும். புடவை, வெள்ளி விளக்கு, நெய் கசியும் ஸ்வீட் டப்பா...

ஸ்வீட் பார்சலை மட்டும் அண்ணன் மொபெட்டில் முன்னால் தனியாக வைப்பார். "புடவைல நெய் பட்டுதுன்னா ஊட்டுக்காரங்களுக்குத் தீபாவளியே போச்சு கண்ணு."

சுவரில் பெரிய போர்டு... 'நம்பிக்கையே எங்கள் சேவை'. முதலாளி வாயால் சொன்ன சட்டம் வேறு. கூலிக்காரர்கள் இருக்கும் லைன் வீடுகளில் கையெழுத்து வாங்காமல் பார்சலைக் கொடுக்கக் கூடாது. பங்களாக்களில் கையெழுத்தே கேட்கக் கூடாது.

"பெரிய மனுசங்க முன்னாடி பேனாவ நீட்டுனா அவங்களைய நம்பாத மாதிரி ஆயிருமப்பா. நீயே டெலிவரி ஷீட்ல 'பெற்றுக்கொண்டார்'னு எழுதிக்க." முதலாளி சொன்னதுதான். என் காதால் கேட்டேன்.

லைன் வீட்டில் ஷீட்டை நீட்டும்போது அண்ணனுக்குக் கூச்சமாக இருக்கும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன்.

"கையெழுத்துப் போடுங்க அம்மணி. நான் உங்களைய நம்பறனுங்க. எங்க ஓனருக்குத்தான் ஆகமாட்டேங்குது."

"அவருக்கென்னங்க? எங்க சொந்தக்காரங்க மட்டும் உங்க மொபெட்ட நம்பிப் பார்சலு உடலீங்களா?" என்றார் அந்தம்மா. அண்ணன் தெருமுனை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஒரு வருஷம் துடியலூர் பக்கம் ஒரு மில்காரர் பங்களாவுக்கு ஒரு பார்சல். மகள் மெட்ராசிலிருந்து அம்மாவுக்கு அனுப்பிய பட்டுப் புடவை. அண்ணன் போன நேரம் வீட்டின் சின்னவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, சட்டப்படி ஷீட்டில் தானே எழுதிக்கொண்டு வந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் அந்த வீட்டிலிருந்து போன். புடவை வரவில்லையாம். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சின்னவரு கைலதானுங்க குடுத்தேன். அவரைய ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்க."

"அவரு ஆனைமலைத் தோட்டத்துல இருக்காரு. கூப்பிட்டு, புடவைய நீங்க எடுத்தீங்களான்னு கேக்கச் சொல்றியா? உன்னைய யார்றா நீயே எழுதிக்கச் சொன்னது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்று ஒரே ஒரு வரி... வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

அன்று சாயங்காலமே போத்தனூரில் அவர் வீட்டைச் சோதனை போட்டோம். முதலாளி வாசலில் நின்றார். டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்துப்போட்டவன் நான். தெருவே கூடி நின்று பார்த்தது.

அண்ணி அழவில்லை. "ஏனுங்க, அதுக்குள்ள நிறுத்திப்போட்டீங்க? அரிசிப் பானை இருக்குதுங்க, அடுப்பு இருக்குதுங்க... எல்லாத்தையும் பாத்துப்போட்டே போங்க" என்றார்.

ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

நான்கு நாள் கழித்துப் பங்களாவிலிருந்து மறுபடி போன், அந்த வீட்டு அம்மாதான். எடுத்தது நான்தான். "பொட்டலம் கார் டிக்கிலயே இருந்திருக்குது கண்ணு. சின்னவன் மறந்துபோட்டான். உங்க ஓனருகிட்டச் சொல்லிரு, என்ன?" அவ்வளவுதான். எத்தனை இனிப்பான குரல்.

முதலாளி பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "செரி, உடு. நாளைக்கு அவனை வேலைக்கு வரச் சொல்லிப்போடு."

அண்ணன் வந்தார். உட்காரவில்லை.

"எங்க தெருவுக்கு ஒருக்கா வாங்க. அன்னைக்கு வந்தீங்கல்ல, அதே மாதிரி. மாணிக்கம் எடுக்கலைன்னு நாலு பேரு கேக்கச் சொல்லிப்போட்டுப் போங்க. நான் வேலைக்கு வாரேன்."

"எனக்கு வேற சோலி இல்லையா? தெருத்தெருவாப் போயிச் சொல்லிட்டுத் திரியறதா?"

டெலிவரிப் பையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். படியில் நின்று என்னைப் பார்த்தார். "நீயாவது வர்றியா கண்ணு? கம்பெனி ஆளு ஒருத்தரு சொன்னாப் போதும்."

"அடுத்த வாரம் வாரேங்கண்ணா" என்றேன்.

போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை, அடுத்த வருஷமும் போகவில்லை. அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் போகவில்லை.

இன்று காலையில்தான் போனேன். தெரு மாறியிருந்தது, வீடு தெரியவில்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் மாணிக்கம் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த மாணிக்கமுங்க?" கொஞ்சம் யோசித்தார். "ஓ... பார்சல் திருடுன கேசுங்களா? நேத்துத் தவறிட்டாருங்களே, பாவம்."

"அவர் எடுக்கலைங்க. நான் அந்த கம்பெனிலதான் இருந்தேன். பார்சல் அவங்க கார்லயே கிடைச்சுதுங்க."

"அப்படீங்களா... இத்தன வருசங்கழிச்சு இப்பச் சொல்றீங்க" என்று கோலத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "நேராப் போயி லெப்ட்டுங்க. சாமியானா போட்டிருக்கும்."

அங்கே அண்ணியிடமும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எங்களுக்குத் தெரியுமுங்க" என்றார்.

போத்தனூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து லைக் போட வேண்டாம். உங்கள் தெருவில் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

மன்னிப்பெல்லாம் கேட்கலைங்கண்ணா. போயிட்டு வாங்க.