ஊர்க் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர்

சுகாதாரப் படிப்பைப் போல நன்றி கெட்ட படிப்பு வேறு கிடையாது. வக்கீலுக்குப் படித்தவனிடம் வழக்கைக் கொண்டு வருவார்கள், டாக்டருக்குப் படித்தவனிடம் வியாதியைக் கொண்டு வருவார்கள், சுகாதாரம் படித்தவனைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மதராஸில் ஒரு கல்லூரியில் நான் அதைப் படித்தேன். ப்ளீச்சிங் பவுடர் நாற்றம் போகாத கையால் சோறு சாப்பிட்டவர்களும், சாக்கடையை எட்டிப் பார்த்ததற்காகத் தெருநாயிடமும் வீட்டுக்காரரிடமும் குரைப்பு வாங்கியவர்களும் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எனக்கே இன்னும் கோபம் தீரவில்லை.

என்ன படிப்பு?

எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. எங்கள் ஊர் என்று சொல்வது வாய்ப்பழக்கம்தான். ஊர்த் தெரு வேறு, நாங்கள் இருந்த சேரி வேறு. நடுவே ஒரு வாய்க்கால். அப்பா பஞ்சாயத்துப் பிரசிடெண்டின் நிலத்தில் கூலி வேலை செய்தார். சேரியிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்.

முதல் வருஷ லீவில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பிரசிடெண்டு பிடித்துக்கொண்டார். என்னடா படிக்கிறே என்றார். குடிதண்ணீர், சாக்கடை, கழிப்பிடம், கொள்ளைநோய் எல்லாவற்றையும் பற்றி என்று பவ்யமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"கக்கூஸு வேலைக்கா படிக்கிற? அத உங்க ஆளுங்களுக்குக் காலேஜ் வெச்சு வேற சொல்லிக் குடுக்கணுமா?"

கமலா

ஏன் போயும் போயும் இதைப் படித்தாய் என்று கேட்காதவர்கள் இல்லை. கமலா என் அண்ணன் மகள். நாலு வயசு. நான் பள்ளிக்கூடம் முடித்த கோடையில் வாந்திபேதியில் போய்விட்டாள்.

வருஷா வருஷம் கோடையில் ஊருக்கு வாந்திபேதி வரும். வந்த மறுநாளே, சேரியிலிருந்துதான் வந்தது என்று தண்டோரா போட்டுவிடுவார்கள். எங்கள் ஆட்கள் வாய்க்காலைத் தாண்டக்கூடாது. தாண்டாவிட்டால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் கஞ்சி இல்லை. நோயில் பிழைத்தவர்கள் பட்டினியில் படுத்தார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். மற்ற மாதங்களில் நாங்கள் குடித்தது பாலாற்று மணலில் நாங்களே தோண்டிய ஊற்றுத் தண்ணீர். அப்போது யாருக்கும் ஒன்றும் வராது. கத்திரி வெயிலில் ஊற்று வற்றினால், எங்கள் பெண்கள் ஊர்க் கிணற்றுக்குத் தூரத்தில் குடத்தோடு காத்திருப்பார்கள். மனசு வந்தால் யாராவது மொண்டு, மேலேயிருந்து ஊற்றுவார்கள். கமலா செத்தது அந்தத் தண்ணீர் குடித்த வாரத்தில். பிணம் எடுக்கும்போது வந்து சேர்ந்த சுகாதார அதிகாரியிடம், அந்தக் கிணற்றைப் பாருங்கள் ஐயா என்று கெஞ்சினேன். அவர் எங்கள் குடிசைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நீங்க சுத்தமா இருந்தா இதெல்லாம் ஏன்பா வருது?"

பட்டுக்கு மாத்திரை

நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், காலேஜ் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பித்தான் சேர்ந்தேன். கடைசி வருஷ ஆய்வுக்குக் காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டாரக் குடிதண்ணீர் என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். பட்டணத்தில் ஒரு தெரு, கிராமத்தில் ஒரு கிணறு, ஆற்றில் ஒரு ஊற்று. ஊர்க் கிணற்றை அதிகாரபூர்வமாகச் சோதிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பட்டணத்துக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தெருவை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பொதுக்கிணற்றை ஒட்டியே ஒரு சாயப்பட்டறை. பட்டறைத் தண்ணீர் சிவப்பாக ஓடும் சாக்கடையிலேதான் தெருப் பிள்ளைகள் வெளிக்கு உட்காரும். அந்தச் சாக்கடை கிணற்றோரம் வெடித்திருந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சோதித்துப் பார்த்ததில் தண்ணீர் மோசம். சாக்கடையை அடைக்கும்வரை வாரா வாரம் ப்ளீச்சிங் பவுடர் போடுங்கள் என்றேன். முழங்கை வரை சிவந்த கையோடு பட்டறைக்காரர் கிணற்றுக்குக் குறுக்கே வந்து நின்றார். பட்டு அலசுவதும் அதே தண்ணீரில்தானாம்.

"கொயந்தைக்கு பேதியானா மாத்திரை இருக்குதுபா. பட்டுல கலர் போனா அதுக்கு மாத்திரை வெச்சிருக்கியா?"

கார்க்காரர்

வைகாசியில் காஞ்சிபுரம் கருட சேவைக்கு லட்சம் ஜனம் வருமென்று எங்களைக் காலரா ஊசி முகாமில் போட்டார்கள். ஊருக்குள் நுழையும் ரோட்டில் கயிறு கட்டி, ஊசி போட்டுக்கொண்டவர்களைத்தான் விடுவோம். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தாமல் பக்கத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த கிழவிகள், முந்தானையில் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், எல்லாரையும் மடக்கிப் பிடித்துக் குத்தினோம். ஒரு கிழவி வலியில் என் கையைக் கடித்துவிட்டாள்.

அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்தது. உள்ளே ஒரு குடும்பம். நான் பஞ்சை நனைத்துக்கொண்டு காரண்டை போனேன். எங்கள் மேலதிகாரி ஓடி வந்து, தானே கயிற்றை அவிழ்த்து, கும்பிட்டு அனுப்பி வைத்தார். அவர்களுக்கு ஊசி வேண்டாமா சார் என்று கேட்டேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர் போலச் சொன்னார்:

"கார்ல வர்றவங்களுக்குக் காலரா வராதுப்பா."

மொண்டு ஊத்தறோம்

இனி ஊர்க் கிணறு. தண்ணீர் எடுப்பதில் ஒரு முறை உண்டு. அவித்துச் சுத்தப்படுத்திய பாட்டிலில் கல்லைக் கட்டி, நேராகக் கிணற்றுக்குள் இறக்கி எடுக்க வேண்டும். பாட்டில் வாயில் விரல்கூடப் படக்கூடாது. உடனே ஐஸ் பெட்டியில் வைத்து மதராஸ் பஸ் ஏற வேண்டும்.

கல்லூரிக் கடிதத்தைப் பிரசிடெண்டிடம் காட்டினேன். எடுத்துக்கோ என்றார். பெட்டியோடு கிணற்றை நோக்கி நடந்தால், தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். நாலு ஆண்கள் எழுந்து வந்தார்கள். கிணற்று மேடையில் என் கால் படவிடவில்லை. நான் காலேஜ் முறையை விளக்கினேன். அவர்கள் கேட்கக்கூட இல்லை. கடைசியில் ஒருத்தர் தன் வீட்டுச் செம்பில் மொண்டு வந்து, என் பாட்டிலில் விரல் படாமல், மேலேயிருந்து ஊற்றினார். எங்கள் அம்மா குடத்துக்கு ஊற்றுவார்களே, அதே உயரம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்னா மொறைக்கற? உன் பாட்டில் கெணத்துல எறங்கினா நாங்க எல்லாம் எத்தக் குடிக்கறது?"

தண்ணீர் மட்டும்

அந்தப் பாட்டிலோடு விரிவுரையாளர் முன்னால் நின்றேன். நடந்ததைச் சொன்னதும் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டார். வீட்டுச் செம்பில் எடுத்தது, கண்டவர் கை பட்டது, இதைச் சோதித்தால் செம்பைச் சோதித்தது போலத்தான் ஆகும் என்றார். அதில் தப்பில்லை. ஊரில் என் கை படக்கூடாது, சோதனைக்கூடத்தில் அவர்கள் கை படக்கூடாது. பாட்டில் வெறுமையாக என் கையிலேயே நின்றது.

சார், கிணற்றண்டை விடமாட்டேன் என்கிறார்கள், காலேஜிலிருந்து யாராவது வந்து சொன்னால் நடக்கும், ஒரு குழந்தை செத்திருக்கிறது என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அதெல்லாம் சமூகப் பிரச்சனை. நாம பார்க்கறது தண்ணி மட்டும்தான்."

காபி

என்னோடு படித்த ரகு காஞ்சிபுரத்துப் பையன், கோயில் பக்கத்துப் பெரிய வீதிக்காரன். நான் எடுத்து வருகிறேன், நீ வராதே என்றான். வராமல் இருப்பேனா? வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கிணற்று மேடையில் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். பித்தளை டம்ளரில் காபி வந்தது. அவன் பாட்டிலில் கல்லைக் கட்டும்போது ஒருத்தர் கயிறுகூடப் பிடித்துக் கொடுத்தார். அதே பாட்டில், நான் அவித்து எடுத்து வந்த பாட்டில். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உதவி செய்த ரகுமேல்தான் அன்றைக்கு எனக்கு எல்லாரையும்விட அதிகக் கோபம் வந்தது. நியாயம் இல்லைதான், வந்தது.

கிணற்றை ஒட்டித்தான் பிரசிடெண்டு வீடு. ஊரிலேயே கக்கூஸ் கட்டிய ஒரே வீடு. அதன் குழி கிணற்றிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, கை எட்டும் தூரம். மற்றவர்கள் எல்லாம் வயல்காட்டுக்குப் போகிறவர்கள். சோதனையில் கிணற்றுத் தண்ணீரில் மலக் கிருமி மண்டிக் கிடந்தது. எங்கள் ஆற்று ஊற்று சுத்தமாக இருந்தது. முடிவை ரகு இரண்டு தடவை படித்தான். பிறகு கேட்டான்:

"டேய், அந்தக் காபி எந்தத் தண்ணியில போட்டிருப்பாங்க?"

எழுதிக் கொடுத்தது

கல்லூரி முத்திரையோடு அறிக்கையை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். சுகாதார அதிகாரியும் இருந்தார். வாசற்படியில் நின்றபடியே படித்தேன். கக்கூஸ் குழியை மூட வேண்டும், கிணற்றை இறைத்து ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும். வாந்திபேதி சேரியிலிருந்து வரவில்லை, இந்தக் கிணற்றிலிருந்துதான் சேரிக்குப் போகிறது. சேரியின் ஆற்று ஊற்று குடிக்கத் தகுந்தது. அண்ணன் வெளியே மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மகளுக்காகத்தான் படித்தேன், சத்தம் போட்டே படித்தேன்.

பிரசிடெண்டு முகம் செத்துப்போயிற்று. சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன், தயாராகத்தான் இருந்தேன். அவர் அறிக்கையை வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"அப்ப அந்த ஊத்துத் தண்ணி நல்லா இருக்குதுன்ற. இத நீயே எழுதிக் குடுத்துருக்கிற, இல்ல?"

திறப்பு விழா

அடுத்த கோடைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் ஊற்றை ஆழமாகத் தோண்டி, சிமெண்டு உறை இறக்கி, மோட்டார் வைத்து, ஊர்த் தெருவுக்குக் குழாய் போட்டார்கள். சேரிக்கு ஒரு குழாய்கூடக் கிடையாது. மோட்டார் ஓட ஓட, பக்கத்தில் நாங்கள் எங்கே தோண்டினாலும் ஈர மணல்தான் வந்தது. கேட்கப் போன அண்ணனிடம், ஆறு என்ன உங்க அப்பன் வீட்டு ஆறா என்றார்கள்.

மலம் கலந்த கிணறு என்று தெரிந்த பிறகு ஊர்க்காரர் யாரும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. அதைச் சுத்தம் செய்தால் போதும் என்று நான் எழுதியதையும் படிக்கவில்லை. கிணற்றைச் சேரிக்கு விட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு விழா வேறு. பந்தல், மைக்செட், மேலேயிருந்து ஒரு அதிகாரி. சாதி வேற்றுமை பாராமல் பொதுக்கிணற்றைத் திறந்துவிட்ட பெருந்தன்மையைப் பாராட்டி அவர் பிரசிடெண்டுக்கு மாலை போட்டார். கக்கூஸ் குழியை யாரும் மூடவில்லை. வீட்டுக்காரரே மாலையும் கழுத்துமாக நிற்கும்போது யார் மூடுவது? ப்ளீச்சிங் பவுடர் மூட்டையை நானே மதராஸிலிருந்து தூக்கி வந்து, அந்த மேடையில் ஏறி நின்று கொட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

விழா முடிந்து எல்லாரும் போனதும் அம்மா குடத்தோடு வந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மேடையில் கால் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கயிற்றை இறக்கவில்லை.

"நல்ல தண்ணின்னு சொல்லிக்கினு இருந்த வரைக்கும் கிட்டவே வுடல. கெட்ட தண்ணின்னு நீ சொன்னதும் மாலை போட்டுக் கூப்புடறாங்க."

எங்கள் ஊரில் தீண்டாமையை ஒழித்த பெருமை பிரசிடெண்டு வீட்டுக் கக்கூஸையே சேரும், அதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்காக எனக்கு முதல் வகுப்பில் பட்டம் கொடுத்தார்கள்.