கட்டைவிரல் அகலத்துக்கு

கண்ணாடி போட்ட கட்டடம் எதைக் கண்டாலும் என் கண் நேரே மூலைக்குத்தான் போகும். கடைக்குள் என்ன இருக்கிறது என்று என் மனைவி பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வாசலிலேயே நின்று, கண்ணாடியும் அலுமினியமும் சேரும் இடத்தில் சிலிக்கான் பசை ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "துணி எடுக்க வந்தீங்களா, கட்டடத்தப் பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்பாள். அதெல்லாம் முன்பு. அவளுடைய தம்பி ஊரை விட்டுப் போன பிறகு அந்தக் கிண்டல் நின்றுபோனது.

எங்கள் முதலாளிக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் ரோட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் இருந்தது. கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போடும் வேலை. சென்னையில் பார்த்துவிட்டு வந்து, கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆளாளுக்கு அதே மாதிரி வேண்டும் என்று கேட்க ஆரம்பித்த காலம். வேலை இதுதான். அலுமினியச் சட்டத்தை மேஜைமேல் படுக்க வைத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் சுத்தமான இன்னொரு துணியால் துடைக்க வேண்டும். பிறகு டேப் ஒட்டி, கண்ணாடியை வைத்து, இடுக்கில் துப்பாக்கி மாதிரி இருக்கும் கன்னைப் பிடித்து சிலிக்கான் அடைக்க வேண்டும். ஆணி கிடையாது, ஸ்குரூ கிடையாது. மூன்றாம் மாடி உயரத்தில் கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கறுப்புப் பசை மட்டும்தான். அதனால் துடைத்த இடத்தில் வெறும் விரல்கூடப் படக் கூடாது.

சட்டமும் கண்ணாடியுமாகச் செய்து முடித்த யூனிட்டுகள் படுத்தபடியே நாள்கணக்கில் காயும். காய்ந்த பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்து, சிலிக்கானைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது என் பொறுப்பு. இழுக்கும்போது சிலிக்கான் நடுவில் கிழிந்தால் நல்ல வேலை. கிழியாமல் அலுமினியத்தை விட்டு உரிந்து வந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம். செக்கிங் ஆளுக்கு எந்தப் பட்டறையிலும் நல்ல பேர் இருக்காது. எனக்கு வாய் வேறு ஜாஸ்தி. நான் உள்ளே வந்தாலே, "வந்துட்டாரு மாமியாரு" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் பெரும்பாலும் என் மச்சானுடையது.

மனைவியின் தம்பி. என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவனை அந்த ஷெட்டுக்கு அழைத்துப்போனது நான்தான். கொஞ்ச காலத்திலேயே கன் பிடிப்பதில் அவனுக்கு ஈடு அங்கே யாரும் இல்லை என்றானது. ஒரு மூலையில் ஆரம்பித்தால் அடுத்த மூலைவரை கை நிற்காது, நடுங்காது. நான் குறை தேடித் தேடிப் பார்ப்பேன், கிடைக்காது. கிடைக்கவில்லை என்ற எரிச்சலில், "சட்டைய மாத்துடா, நாறுது" என்பேன். அவன் சிரிப்பான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவனுக்கு அண்ணாமலை நகரில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு யுனிவர்சிட்டி காம்பஸில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை உள்ளூரில் நிலையான வேலையில் இருக்க வேண்டும். "மூத்த மாப்ள வெளிநாட்டுல, போன்லதான் பாக்குறோம். இவளையாவது பக்கத்துல வெச்சிப் பாக்கணும்" என்றார். எங்கள் முதலாளியிடமே வந்து விசாரித்தார். முதலாளியும், இனி சிலிக்கான் மேஜை முழுக்க அவன் பொறுப்புதான், எங்கேயும் போக மாட்டான் என்று வாக்குக் கொடுத்தார். அதன்மேல்தான் சம்மதமே வந்தது. கடலூர் முதுநகரில் எங்கள் மாதா கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சபையறிய வாசிப்பது எங்கள் வழக்கம். முதல் ஓலை வாசித்த அன்று மச்சான் தலையைக் குனிந்துகொண்டு காது சிவக்க உட்கார்ந்திருந்தான். பின்னால் இருந்து நான் அவன் முதுகில் கிள்ளினேன்.

ஓலை வாசித்துவிட்டார்கள் என்றதும் என் மனைவியின் கவலையெல்லாம் அவன் கையின்மேல் போனது. ஸ்பிரிட் பட்டுப் பட்டு அவன் விரல்கள் வெடித்துக் கிடந்தன. முதலாளி கையுறை வாங்கிப் போட்டிருந்தார். அந்தப் புழுக்கத்தில் யார் போடுவது? "மோதிரம் போடுற கையாடா இது, தேங்கா துருவி மாதிரி இருக்கு" என்று சொல்லி, பழைய இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, அதில் தேங்காய் எண்ணெய் ஊற்றி அவன் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பினாள். நானும் அதைப் பார்த்தேன். வேலை முடிந்து எல்லாரும் எண்ணெய் தேய்த்துத்தானே கையில் ஒட்டிய சிலிக்கானை எடுக்கிறோம், அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வேலைக்கு முன்னாலேயே தேய்த்திருக்கிறான். வெடிப்புக்குள் சிலிக்கான் புகுந்தால் உயிர் போகும். எண்ணெய் இருந்தால் புகாது. அவ்வளவுதான் அவன் கணக்கு. துடைத்து முடித்த சட்டத்தைத் திருப்பி வைக்கும்போது கட்டைவிரலை மூலையில் கொடுத்துத் திருப்புவது அவன் பழக்கம்.

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கான யூனிட்டுகள் அவை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அந்தக் கடை நிழலில்தான் ஒதுங்குவார்கள். நான் ஒரு யூனிட்டை எடுத்துப் பிரித்தேன். மூன்று மூலை முரண்டு பிடித்தது. நாலாவது மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிலிக்கான் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அலுமினியத்தைத் தடவினேன். வழுக்கியது. இன்னொன்றைப் பிரித்தேன், நன்றாக இருந்தது. மற்றொன்றைப் பிரித்தேன், மறுபடியும் அதே அகலம். எது நல்லது, எது கெட்டது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை. எல்லாவற்றையும் அறுத்துப் பிரித்துப் புதிதாகச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். "யாரு கை இது?" என்று கேட்டார்.

"என் மச்சான் கைதான்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. கேட்ட வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். சொன்னது உண்மை. கீழே நிற்கப்போகிறவர்கள் தலைமேல் விழக்கூடியதை நான் மறைத்திருக்க முடியாது. அதற்காக இன்றும் வருத்தம் இல்லை. ஆனால் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் அவனை வாய் திறக்க விட்டிருக்கலாம். கை வெடித்திருக்கிறது என்று அவனுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். முதலாளி என் தோளைத் தட்டி, "சொந்தக்காரன்னு பாக்காம சொன்ன பாரு, நீதான்யா ஆளு" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. சுற்றி நின்ற எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்க நன்றாக இருந்தது. என்னைக் குத்துவது அதுதான்.

மச்சான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "மாமா சொன்னது சரிதான். எண்ணெ கைதான். எனக்குத் தோணல" என்றான். முதலாளி அவனை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார். போவதற்கு முன்னால், தான் ஒட்டியதைத் தானே பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று கேட்டுக்கொண்டு, நாள் முழுக்க உட்கார்ந்து அறுத்தான். நான் பக்கத்தில் போகவில்லை. வேறு வேலை இருப்பது மாதிரி நடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே நின்றேன்.

அதற்குள் இரண்டு ஓலை வாசித்தாகியிருந்தது. மூன்றாவது வாசிக்கவில்லை. பெண் வீட்டிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை. நிலையான வேலை என்று சொன்னீர்கள், இப்போது இல்லை என்கிறீர்கள் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் ஞாயிறு, சாமியார் அறிவிப்புகள் வாசித்தபோது இவன் பெயர் வரவில்லை. கோயிலில் இருந்த எல்லாரும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மழைக்காலத்துக்குள் துபாய்க்குப் போய்விட்டான். அங்கேயும் இதே கண்ணாடி வேலைதான். எந்த வாழ்க்கை வேண்டாம் என்று அந்தப் பெண்ணின் அப்பா சொன்னாரோ, அந்த வாழ்க்கைக்கே அவனை அனுப்பி வைத்தோம்.

மனைவியிடம், "சிலிக்கான் சரியா ஒட்டல, அதான் நிறுத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் என்று மனதுக்குள் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதில் நியாயம் இருப்பதாகவும் நினைத்தேன்.

அவன் கிளம்பிய பிறகு ஒரு நாள், "தம்பி செஞ்சதுல ஒண்ணு மிச்சம் இருந்தா கொண்டாங்க. படுக்குற ரூமுல ஜன்னல் வெக்கலாம்" என்றாள். அளவு தப்பி ஓரமாகக் கிடந்த ஒரு யூனிட் மட்டும் பிரிக்காமல் இருந்தது. முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊரார் தலைக்குமேல் ஆகாது என்று நான் ஒதுக்கியதை என் வீட்டுச் சுவரில் நானே பதித்தேன். தரைக்குப் பக்கத்தில்தானே, என்ன ஆகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டு நான் மறுக்கும் நிலைமையிலும் இல்லை. அவள் அதற்குக் கீழேதான் பாய் விரித்துப் படுப்பாள்.

இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து, டிசம்பர் கடைசியில், விடியற்காலையில் அந்தப் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு எந்தப் புயல் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரிப் பறந்தன. கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் காணோம். குடிலில் இருந்த ஆட்டுக்குட்டி பொம்மைகள் தண்ணீரில் மிதந்தன. பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் சமையலறைமேல் சாய்ந்தது. காற்று அடங்கிய பிறகு அந்த ரூமுக்குப் போனோம். ஜன்னல் அப்படியே நின்றது. மனைவி உள்ளங்கையால் கண்ணாடியைத் தடவி, "தம்பி ஒட்டினது நிக்குது" என்றாள்.

ஒரு ஜன்னல் நின்றதால் மற்றதெல்லாம் நின்றிருக்கும் என்று ஆகாது. பாதி நல்லது, பாதி கெட்டது என்பதுதானே அன்றைக்கே பிரச்சினை? இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ரோட்டில் மரங்களை அறுத்து வழி விட்டதும் சிதம்பரம் போய் அந்தக் கடையைப் பார்த்தேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. "நல்ல வேள அன்னைக்குக் கண்டுபுடிச்ச" என்றார் முதலாளி. புதிதாக ஒட்டியதால் நின்றதா, பழையதே இருந்திருந்தாலும் நின்றிருக்குமா? அதை யாரும் இனிமேல் சொல்ல முடியாது. என் பேரைக் காப்பாற்றுகிற அந்தக் கண்ணாடியை அண்ணாந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

கரண்ட் இல்லை. ஜங்ஷன் பக்கம் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் போனைச் சார்ஜ் போட்டு வாங்கி வந்த அன்று மச்சான் கூப்பிட்டான். அக்காவிடம் பேசிவிட்டு என்னைக் கேட்டான்.

"மாமா, அந்த ஜன்னலு நிக்குதுன்னு அக்கா சந்தோஷமா சொல்லுச்சு."

"ஆமா மச்சான். ஆடல, அசையல."

"அத கழட்டிடுங்க மாமா. நம்பாதீங்க. அதுவும் அதே எண்ணெ கைதான். அக்கா அதுக்குக் கீழதான படுக்குது."

நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"ஏன்னு அக்காகிட்ட சொல்லாதீங்க. கண்ணாடி கீறல் உட்டுருச்சின்னு எதாவது சொல்லிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் வெளிப்பக்கம் நின்று பிளேடு போட்டேன். உள்ளே மனைவி வந்து, ஒன்றும் கேட்காமல் கண்ணாடியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று மூலை அறுபடவே மாட்டேன் என்றது. கீழ் மூலையில் பிளேடு பட்டதும் சிலிக்கான் தானாகப் பிரிந்து தொங்கியது. கட்டைவிரல் அகலம். அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

"அந்த எண்ணெ நான் குடுத்துவிட்டதுதான?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அன்னைக்கு ஒட்டலன்னு வந்து சொன்னீங்க. பையில பாட்டிலு காலியா இருந்துச்சு. சாயங்காலம் தேய்க்கிற எண்ணெ அவ்ளோ சீக்கிரம் தீராது. ரெண்டு பேரும் மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்களே. உங்களுக்குத்தான் பொய்யே வராதே."

இத்தனை நாள் அவள் வாயை அடைத்திருந்தது என்மேல் இருந்த கோபம் இல்லை. நான் சொல்லப்போகும் உண்மைமேல் இருந்த பயம்.

"எண்ணெயால இல்ல. அந்த லாட்டுல வந்த சிலிக்கானே மோசம்" என்றேன்.

அவள் அந்த மூலையை இன்னொரு முறை பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

"சரி, கெட்டியாப் புடிச்சிருக்கேன்" என்றாள். "அறுங்க."