காபித் தோல் படுக்கை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நினைவும் தப்புகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டச்சேடு பக்கத்தில் மலைமேல் ஒரு காபி எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் பங்களா வாட்ச்மேன். எண்பதுகளின் நடுவில் இருக்கும். மழைக்கு முன் நிழல் மரங்களைக் கழித்தபோது ஒரு கிளை பங்களா நாயின் இடுப்பில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் பின்னங்கால் இரண்டும் விளங்காமல் போய்விட்டன. முதலாளியம்மா மெட்ராஸில் மகனிடம் போகும்போது, வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனார். வரவே இல்லை.

நாய்க்குத் தானாக மூத்திரம் பிரியாது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் காட்டிக்கொடுத்தபடி நாளுக்கு நாலு தரம் அடிவயிற்றை மெல்ல அமுக்கி எடுக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வைக்கும், அதனால் அடிக்கடி திருப்பிப் போட வேண்டும். பழைய வேட்டியை இடுப்புக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் முன்னங்காலால் வாசல்வரை ஓடப் பார்க்கும். என்னைத் தவிர யாரையும் தொட விடாது. யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. ஆனாலும் அரை நாள் சேர்ந்தாற்போல் வெளியே போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஐப்பசியில் சேலத்தில் கட்டிக்கொடுத்த என் மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில் பார்ப்பதுதான் முறை. நான் அழைத்து வரவில்லை. சம்பந்தியம்மா ஆள்விட்டுச் சொன்னார்: "அவிய ஊட்டுல நாய்க்குத்தான் பேறுகாலம் பாக்கறாங்களாட்ட இருக்குது." பிரசவத்துக்காவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பத்து நாள் வீட்டுக்காரரைப் பழக்கினேன். அவர் தொட்டாலே நாய் உறுமியது. மழையில் நனைந்து வந்த கை ஐஸ் மாதிரி இருந்தது.

"ஏனுங்க, கையை அடுப்புல காட்டிட்டுத் தொடுங்க" என்றேன்.

"எனக்கு ஒரு நாளாச்சும் இப்படிப் பக்குவம் பாத்திருக்கியா?" என்றார். ஆனால் அப்படியே செய்தார். நாயும் விட்டுக்கொடுத்தது.

போகிற அன்று இன்னொன்று செய்தேன். குடோனில் கிடந்த போன வருஷத்துக் காபிப் பழத் தோலைச் சாக்கில் அடைத்துத் தடியாக ஒரு மெத்தை தைத்தேன். லேசாக ஈரம் பட்டிருந்தது, தொட்டால் கதகதப்பாக இருந்தது. குளிருக்கு நல்லது என்று நினைத்தேன். மெத்தை என்பதால் இவ்வளவு தரம் திருப்ப வேண்டியதில்லை என்றும் அவரிடம் சொல்லிவிட்டேன். ஈரத்தோல் குவியலுக்குள் மக்கிச் சூடேறி எப்படிக் கொதிக்கும் என்பது எஸ்டேட்டில் பிறந்த எனக்குத் தெரியாததா? அன்று தோன்றவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். குழந்தையை மடியில் வைத்திருந்தாலும் அமுக்கும் நேரம் வந்தால் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். எழுந்து நிற்பேன், மறுபடி உட்காருவேன். மூன்றாம் நாள் மகள் சொன்னாள்: "நீ போம்மா. உன் உடம்புதான் இங்க இருக்குது."

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இறங்கித் திரும்பிப் போகலாமா என்றிருந்தது.

வீட்டில் நாய் வாலை ஆட்ட முடியாமல் தலையை ஆட்டியது. திருப்பினேன். மெத்தை பட்ட பக்கம் முடி கொட்டி, தோல் வெந்து, இரண்டு இடத்தில் சதை தெரிந்தது. வீட்டுக்காரர் ஒரு வேளையும் தவறவில்லை. நான் சொன்னபடிதான் செய்திருந்தார்.

புண் ஆற மூன்று மாதம். அதற்குள் பேரனுக்குப் பேர் வைத்தார்கள், மொட்டை போட்டார்கள். நான் போகவில்லை. நாய் அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் இருந்தது. இரண்டு வருஷம்கூட இருக்கலாம்.

"நீ போம்மா" என்று மகள் கோபத்தில் சொன்னாளா, என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அவள் முகம் அப்போது குழந்தைப் பக்கம் திரும்பியிருந்தது. நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதைப் படிக்கிற யாராவது அவளிடம் கேட்டு, வருஷக் கணக்கையும் சேர்த்துச் சரிபார்த்து எழுதிவிடுங்கள்.