நூறு கிராமும் ஒரு கொசுறும்

"பழம் எத்தனை கப் சாப்பிடுறீங்க ஆன்டி?" என்று விவியன் கேட்டபோதே குமுதாவுக்குச் சுருக்கென்றது.

"கப் இல்லம்மா, கிராம். உறைஞ்சு கல்லு மாதிரி இருக்கிற மாம்பழத்தக் கப்புல போட்டா பாதி காத்துதான் நிக்கும். தராசுல வெச்சு நூறு நூறு கிராமாக் கட்டி ஃப்ரீசர்ல வெச்சிருக்கு. போன்ல எல்லாம் எழுதியிருக்கேன், பாருங்க."

விவியன் கிள்ளான் மருத்துவமனையில் உணவு ஆலோசகர், குமுதாவுக்கு மகள் வயது. குமுதாவின் இரண்டு முட்டிகளும் தேய்ந்துவிட்டன. எடை இறங்கினால்தான் அறுவை சிகிச்சைக்குத் தேதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறக்கிக் காட்டவேண்டிய பொறுப்பு விவியனுடையது. மாதங்கள் ஓடியும் எடை அசைந்த பாடில்லை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க ஆன்டி. எழுதாம வாய்க்குள்ள போறது ஏதாச்சும் இருக்கும் லா. நல்லா யோசிச்சுப் பாருங்க."

"என் வீட்டுக்காரர் கிள்ளான் பாசார்ல பழக்கடை வெச்சிருந்தவரு. அவரு எடை போட்டுக் கட்டுறது. அவரு தராச இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

விவியன் சிரித்தபடி கணினியில் எதையோ தட்டினாள். குமுதா எட்டிப் பார்த்தாள். நோயாளி தரும் கணக்கை நம்ப முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்த வரி கண்ணை விட்டுப் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுங்கை வே மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்தவள் அவள். முட்டி தேய்ந்ததே அங்கே நின்று நின்றுதான். ஒரு சின்னச் சில்லு கோணலாக வந்தாலும் இரண்டாம் முறை அளந்து பார்க்காமல் ரிஜெக்ட் முத்திரை குத்தமாட்டாள். மேலதிகாரி அவசரப்படுத்தினால், "நீங்களே குத்திக்குங்க, என் கையால முடியாது" என்று முத்திரையை மேசையில் வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளை ஒரு சின்னப் பெண் அளந்தே பார்க்காமல் ரிஜெக்ட் செய்துவிட்டாள். அரிசிச் சோற்றை விட்டாயிற்று, தேத்தண்ணியில் சீனியை விட்டாயிற்று. கோயில் அன்னதானத்தில்கூட இலை முன்னால் உட்காராமல் வந்திருக்கிறாள். கடைசியில் கிடைத்த பெயர் பொய்க்காரி!

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் தராசை எடுத்து மேசையில் வைத்தாள். கணவர் இராமலிங்கம் வெளியே போயிருந்தார். முதலில் தராசையே சந்தேகப்பட்டாள். பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பையை வைத்தாள். சரியாகக் காட்டியது. பிறகு ஃப்ரீசரைத் திறந்து மாம்பழப் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். மேலே இராமலிங்கத்தின் கையெழுத்தில் '100' என்றிருந்தது. தராசு நூற்று நாற்பத்தெட்டு என்றது.

படிந்த பனியாக இருக்குமோ? பாக்கெட்டைப் பிரித்துத் துண்டுதுண்டாகத் துடைத்தாள். துடைத்த பனி ஒரு தேக்கரண்டிகூடத் தேறவில்லை. அடுத்தது வாழைப்பழம், நூற்று நாற்பது. ஆசைக்கு என்று விவியனே அனுமதித்திருந்த டுரியான்தான் எல்லாவற்றிலும் மோசம். அதில் ஒரு முழுச் சுளையே அதிகம்.

குமுதா பாக்கெட்டுகளைத் திரும்ப ஃப்ரீசரில் அடுக்கினாள். இரண்டாம் முறை அளக்காமல் தீர்ப்பு சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாள் காலையில் இராமலிங்கம் மாம்பழம் நறுக்க உட்கார்ந்தபோது, சமையலறை வாசலில் துணி மடிப்பதுபோல் நின்றுகொண்டாள்.

மனிதர் தப்பே செய்யவில்லை. பையைத் தராசில் வைத்தார். துண்டுகளைப் போட்டார், ஒன்றை எடுத்தார், அதைவிடச் சின்னதைப் போட்டார். சரியாக நூறு வந்ததும் தலையாட்டிக்கொண்டார். பையை எடுத்து வாயை முறுக்கப் போகுமுன், அவர் கண் எங்கோ இருக்க, வலது கை மட்டும் தானாகப் பலகைக்குப் போய் இரண்டு துண்டுகளை அள்ளிப் பைக்குள் போட்டது. கடையில் காலமெல்லாம் போட்ட அதே கை!

"என்னங்க, இப்ப என்ன போட்டீங்க?"

"நூறு. கண்ணால பார்த்துதானே போட்டேன்."

"அதுக்கப்புறம்?"

அவர் தம் கையைப் பார்த்தார். "அடடே, அதுவா? அது கணக்குல வராதும்மா. கொசுறு."

"என் முட்டிக்குத் தெரியுமா அது கொசுறுன்னு? வாயக் கட்டி வயித்தக் கட்டி நான் கெடக்குறேன், நீங்க உக்காந்து கொசுறு போடுறீங்க! அந்தப் பொண்ணு என்னத் திருடி மாதிரி பாக்குது!"

"வர்றவன் போறவனுக்கெல்லாம் போட்ட கை குமுதா. கட்டுனவளுக்கு வெறும் நூறக் கட்டிக் குடுக்கக் கூசுது."

"கூசுனா கையத் தொடைக்கடியில வெச்சு உக்காருங்க!"

அன்றிலிருந்து அவர் அடுக்களையில் நறுக்குவார், அவள் கூடத்தில் எடை போடுவாள். கட்டிய பாக்கெட்டைச் சாப்பிடுமுன் இன்னொரு முறை தராசில் வைப்பாள். எடை இறங்கத் தொடங்கியது.

அடுத்த முறை விவியன் கைதட்டாத குறை. "பாத்தீங்களா ஆன்டி! ஒழுங்கா எழுதுனதும் இறங்குது!"

"அப்பவும் ஒழுங்காத்தான் எழுதுனேன்" என்றாள் குமுதா. "சொல்லுங்க" என்று கூடவே இழுத்து வந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

இராமலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். "எடை போட்டப்புறம் கூடப் போட்டது நான்தாம்மா. கடைப் பழக்கம், கை கேக்கல. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

விவியன் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அங்கிள்! சரி சரி, தேதிக்கு இன்னிக்கே டாக்டருக்கு எழுதிடுறேன்."

"தேதி இருக்கட்டும். அந்த வரிய மாத்துங்க."

"எந்த வரி ஆன்டி?"

"என்னை நம்ப முடியாதுன்னு போட்டீங்களே, அது."

சிரிப்பு நின்றது. விவியன் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தாள். அழித்தாள், புதிதாகத் தட்டினாள். குமுதா கேட்காமலே விவியன் திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டாள். கணவர் பழத்தைக் கூடுதலாகப் போட்டதாக நோயாளி கூறுகிறார் என்றிருந்தது.

குமுதா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"அது என்ன 'நோயாளி கூறுகிறார்'? போட்ட மனுஷன் முன்னால நிக்கிறாரு. அதையும் எடுங்க."

விவியன் எடுத்தாள்.